வேகமான குழுச் சவாரிக்கு றோட் பைக் வாங்கலாமா?

விடியற்காலையில் யாழ்ப்பாணத்தின் பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப்பக்கம் செல்லும் வேகமான குழுக்களோடு சேர்ந்து ஓட விரும்புவோர், மவுண்டன் சைக்கிளை விட்டு, ஒடுங்கிய டயரும் வளைந்த ஹான்டிலும் கொண்ட றோட் பைக் என்ற வேகச் சைக்கிளுக்கு மாறுவது நல்லதே. நண்பர் ஒருவரின் அலுமினியச் சட்டகமும் 16 கியர்களும் கொண்ட தொடக்கநிலை வண்டியை ஓட்டிப் பார்த்தபின் எனக்கு அதில் ஐயமில்லை.

யாழ்ப்பாணத்தில் ஏற்றமில்லை, காற்றுத்தான் பகை. கடல்நீரேரியைக் கடக்கும் திறந்த வீதியில், வளைந்த ஹான்டிலின் கீழ்ப்பிடியைப் பற்றிக் குனிந்து ஓடும்போது எதிர்க்காற்று மோதும் உடற்பரப்புக் குறைவதே இவ்வண்டியின் பெரும் பலன். எடைக் குறைவு இங்கே அதற்கு அடுத்ததுதான்.

டயர் விடயத்தில் கவனம் தேவை. 25 மில்லிமீற்றர் டயர் எங்கள் ஒழுங்கைகளின் குழிகளைத் தாங்காது. 28 அல்லது 32 பொருந்தச் சட்டகத்தில் இடமுண்டா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். ரியூப்பில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்பதால், நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தாமல் காற்று ஏறாது. வீதியோரக் கடைகளின் சாதாரண பம்பும் அதில் நேரடியாகப் பொருந்தாது. ஓர் அடாப்டரும் மேலதிக ரியூப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். உப்புக்காற்றில் சங்கிலி விரைவில் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் இடுவதில் சோம்பல் கூடாது.

நல்லூரைச் சுற்றி நிதானமாக ஓடுபவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம். இருக்கும் சைக்கிளுக்கு வழுவழுப்பான, ஒடுங்கிய டயர் மாற்றினாலே போதும்.