ஒரே வகைக் கார், இரண்டு கொள்வனவுகள்: லீசிங்கும் ரொக்கமும் ஐந்து ஆண்டுகளில் காட்டிய கணக்கு

2019 யூலையில் நானும் என் மனைவியின் தமையனும் ஒரே மாதத்தில், ஒரே வகை ஜெர்மன் செடான் கார்களை, ஏறக்குறைய ஒரே விலைக்கு வாங்கினோம். இரண்டும் ஏற்கெனவே இலங்கையில் ஓடியவை. விலை 1 கோடியே 10 இலட்சம் ரூபா. தயாரிப்பின் பெயரைச் சொல்வதால் கணக்கு மாறப் போவதில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மச்சான் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தார். என்னிடமும் முழுப் பணம் இருந்தது. ஆயினும் பாதியைக் கட்டிவிட்டு, மீதி 55 இலட்சத்துக்கு லீசிங் (கடன் தீரும்வரை காரின் உரிமை நிறுவனத்திடம் இருக்கும் தவணை முறை) எடுத்து, கையிலிருந்த 55 இலட்சத்தை நிலையான வைப்பில் போட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடியில் அன்றிரவு நடந்த விவாதத்தில் நான்தான் கெட்டிக்காரன் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது.

லீசிங் நிறுவனத்தின் இளைஞர் முதலில் சொன்ன எண் எட்டரை சதவீதம். அது தட்டை வட்டி, அதாவது முதல் நாள் கடன் ஐந்து ஆண்டுகளும் குறையாமலே இருப்பதாகப் பாவித்துக் கணக்கிடும் வட்டி. உண்மையில் ஒவ்வொரு தவணையிலும் கடனின் அசல் குறைந்துகொண்டே வருவதால், குறைந்துவரும் நிலுவைமீது நான் கட்டிய வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். மாதத் தவணை 130,845 ரூபா; 60 மாதங்களில் மொத்தம் 78 இலட்சத்து 50 ஆயிரம்; அதில் வட்டி மட்டும் 23 இலட்சத்து 50 ஆயிரம். ஒரே கடனுக்கு எட்டரை என்றும் பதினைந்து என்றும் இரண்டு எண்கள் இருக்கலாம், இரண்டும் பொய்யல்ல என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வார இறுதி தேவைப்பட்டது. நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது, ஒப்பந்தத்தில் தவணைத் தொகை தெளிவாகவே இருந்தது. வட்டி விகிதத்தைக் கேட்காமல் தவணையை மட்டும் கேட்கும் பழக்கம் நம்முடையது.

முதல் ஆண்டில் நான் கட்டிய 15 இலட்சத்து 70 ஆயிரத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது 7 இலட்சத்து 71 ஆயிரம், வட்டிக்கே போனது. மூன்று ஆண்டுகள் முடிந்தபோது மொத்த வட்டியில் ஐந்தில் நான்கு பங்கைக் கட்டி முடித்திருந்தேன். அசலில் ஏறத்தாழ 27 இலட்சம் இன்னும் பாக்கி. 2022 யூலையில் முன்கூட்டியே தீர்த்துவிட நினைத்துக் கேட்டபோது, அவர்கள் சொன்ன தொகை 29 இலட்சத்துக்கு மேல். எஞ்சிய வட்டியில் பாதியைத்தான் தள்ளுபடி செய்வார்களாம். ஒப்பந்தத்தின் எந்தப் பந்தியில் அது எழுதப்பட்டிருந்தது என்று காட்டினார்கள், நான்தான் வாசித்திருக்கவில்லை.

ஆனால் அந்த மாதத்தில் தீர்க்காமல் விட்டது நல்லதாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும், 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டு அதன் மதிப்பு சந்தையின் கைக்குப் போனதும், அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியதும் எல்லாக் கணக்குகளையும் புரட்டிப் போட்டன. என் லீசிங் நிலையான வட்டி, 15 சதவீதத்திலிருந்து அசையவில்லை. அந்த யூலையில் புதுப்பித்த வைப்புக்கோ 20 சதவீதம் கிடைத்தது. கடனுக்குக் கட்டிய வட்டி வீதத்தைவிடக் கூடுதலான வீதத்தில் வைப்பில் கிடந்த பணம் சம்பாதித்த காலம் அதுதான்.

என் அலுவலக நண்பர் ஒருவருக்கு இதே சூழ்நிலை எதிர்மாறாக அமைந்தது. அவர் எடுத்தது மாறும் வட்டிக் கடன்: முதன்மைக் கடன் வீதத்துடன் (வங்கிகள் தம் சிறந்த வாடிக்கையாளரிடம் அறவிடும் வட்டி) 4 சதவீதம். 2021இல் அவர் கட்டியது ஏறத்தாழ 10 சதவீதம். 2022 இறுதியில் முதன்மைக் கடன் வீதம் 27 சதவீதத்தைத் தாண்டியபோது அவருடையது 31ஐத் தாண்டியது. 50 இலட்சம் நிலுவைக்கு 10 சதவீதத்தில் மாத வட்டி சுமார் 42 ஆயிரம். 31 சதவீதத்தில் 1 இலட்சத்து 29 ஆயிரம். கையெழுத்திடும் நாளில் அவருடைய கடன் என்னுடையதைவிட மலிவாகத்தான் இருந்தது. என்னைக் கேட்டால், ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது எண்ணை அல்ல, "மாற்றத்துக்குட்பட்டது" என்ற அந்தச் சொற்றொடரை.

அந்த ஆண்டில் காரை ஓட்டிய அனுபவம் என்று எழுதுவதற்கு அதிகம் இல்லை. 2022 யூன் இறுதியில் ஒக்டேன் 95 பெற்றோல் லீற்றர் 550 ரூபா. பிறகு கியூஆர் குறியீட்டில் வாரத்துக்கு 20 லீற்றர். கார் வாசலில் உறையோடு நின்றது. எரிபொருளுக்குப் பங்கீடு வந்ததே தவிர தவணைக்கு வரவில்லை. பிரேக் தட்டுகள், மின்கலம், டயர் ஆகியவற்றின் விலை டொலரோடு சேர்ந்து ஏறியது; அது மச்சானுக்கும் எனக்கும் பொது. காப்புறுதியிலும் பெரிய வேறுபாடு இல்லை. லீசிங்கில் முழுக் காப்புறுதி கட்டாயம் என்றாலும், இந்த விலையுள்ள காரை மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு கொழும்புக் காலி வீதியில் இறக்க மச்சானும் துணியமாட்டார்.

உண்மையான வேறுபாடு உரிமைப் பத்திரத்தில் இருந்தது. 2022 ஓகஸ்டில் மச்சானின் மகனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. அவருடைய பதிவுப் புத்தகத்தில் வேறு எவருடைய பெயரும் இல்லை. ஒரு வாரத்தில் 1 கோடியே 75 இலட்சத்துக்கு விற்றார். இறக்குமதி இல்லாத நாட்டில் பழைய கார் தங்கமாகிவிட்டிருந்தது. வாங்கியதைவிட 65 இலட்சம் கூடுதல் என்று குடும்பம் முழுவதும் மகிழ்ந்தபோது, நான் வேண்டாத வேலையாக டொலரில் கணக்குப் பார்த்தேன். 2019இல் டொலர் 176 ரூபா அளவில் இருந்தபோது அவர் கொடுத்தது 62,500 டொலர். 360 ரூபாவில் கைக்கு வந்தது ஏறத்தாழ 48,600. கட்டணம் டொலரில் என்பதால் அந்தக் கணக்குத்தான் அவருக்குப் பொருந்தியது. என் காரையோ நிறுவனத்தின் பெயர் உரிமையாளர் இடத்தில் இருக்கும்வரை நிலுவையைத் தீர்க்காமல் விற்க முடியாது.

2024 யூலையில் கடைசித் தவணை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்த என் வைப்பு முறையே 10.5, 7, 5.5, 20, 14 சதவீதத்தில் வளர்ந்து, வரிக்கு முன் ஏறத்தாழ 93 இலட்சத்து 85 ஆயிரமாக நின்றது. வட்டி வருமானம் 38 இலட்சம், கட்டிய வட்டி 23 இலட்சம், ஆகவே 15 இலட்சம் இலாபம் என்று சில நாட்கள் மகிழ்ந்திருந்தேன். கணக்காளனாகிய நான் இதை நம்பியது வெட்கம்தான். நானும் ரொக்கமாக வாங்கியிருந்தால் அந்த 130,845 ரூபா மாதந்தோறும் என்னிடமே தங்கியிருக்கும் அல்லவா? இடையில் ஒரு சதம் வட்டியும் இல்லாமல் சேர்த்து, ஆண்டு முடிவில் மட்டும் அதே வீதங்களில் வைப்பிலிட்டதாக வைத்துப் பார்த்தால்கூட 1 கோடியே 2 இலட்சம் வருகிறது. வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தொட்ட ஓர் ஆண்டைக் கடந்தும், நிலையான வட்டி என்ற அதிர்ஷ்டத்தோடும், லீசிங் எனக்கு 8 இலட்சம் குறைவாகவே தந்திருக்கிறது.

மாதந்தோறும் அதைச் சேமித்திருப்பேனா என்பது வேறு கேள்வி. மச்சான் சேமிக்கவில்லை, தவணை இல்லாத சுதந்திரத்தில் அவர் வீட்டுச் சமையலறை இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டது.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தபின், உறவினர்கள் தவணைப் பட்டியல்களோடு என்னிடம் வருகிறார்கள். நானே மறுபடி வாங்குவதானால் 70 சதவீதத்தைக் கட்டிவிட்டு, 33 இலட்சத்துக்கு மட்டும், நிலையான வட்டியில், இரண்டே ஆண்டுகளுக்கு எடுப்பேன். அதே 15 சதவீதமென்று வைத்தாலும் தவணை 1 இலட்சத்து 60 ஆயிரம். மொத்த வட்டி 5 இலட்சத்து 40 ஆயிரம்.