அப்ரில் ஃபேட்ஃபேஸ், இரண்டு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கேக் கடை ஒன்றுக்குப் பெயர்ப் பலகை வடிவமைக்கும்போதுதான் இந்த எழுத்துருவை முதலில் இறக்கினேன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. திறந்த உரிமம் என்பதால் பலகை, கேக் பெட்டி, பில் என்று எதில் போட்டாலும் தனியாகக் காசு கட்ட வேண்டாம். டைப்டுகெதர் என்ற எழுத்துரு நிறுவனத்தின் வெரோனிகா புரியன், ஹோசே ஸ்காலியோனே இருவரும் வரைந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டிகளுக்கென்றே இப்படிப் பருத்த எழுத்துகளை வார்த்தார்கள். லாட்டரி விளம்பரங்களில் அவை நிறைய வந்தன. தெருவில் நடந்து போகிறவர் நின்று படிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அந்த வம்சம் இது. செங்குத்துக் கோடு உத்தரக் கட்டை மாதிரி தடிமன். இணைப்புக் கோடு தலைமுடி அளவு. ஆங்கிலத்தின் சின்ன ‘ஏ’, ‘சி’, ‘ஆர்’ மூன்றின் முனையிலும் உருண்டையாக ஒரு பொட்டு. 6 அடிப் பலகையில் அந்தப் பொட்டுகளைப் பார்த்துக்கொண்டே எதிர்ப்புறம் வெகுநேரம் நின்றேன். அவ்வளவு அழகு.

அடுத்து அதே கடையின் விசிட்டிங் கார்டு. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, 9 பாயின்ட். அச்சாகி வந்தபோது மெல்லிய கோடுகளை மை விழுங்கியிருந்தது. சின்ன ‘என்’ இணைப்பே இல்லாமல் இரண்டு தனிக் கட்டைகளாக நின்றது. 500 கார்டும் வீண். அச்சகத்தைக் குறை சொல்ல முடியாது, அந்த அளவுக்கு இந்த எழுத்து தாங்காது. இப்போதெல்லாம் 30 பாயின்ட்டுக்குக் கீழே இதைத் தொடுவதே இல்லை. விவரங்களுக்கு வேறு சாதாரண எழுத்துதான்.

இணையத்தில் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கூகுளில் கிடைப்பது ஒரே ஒரு எடை, அதாவது ஒரே ஒரு தடிமன். ஆனால் தலைப்பு என்றாலே உலாவி தானாக போல்ட் ஆக்கும். போல்ட் கோப்பு இல்லாததால் இருக்கிற எழுத்தையே ஊதிவிடும். முடிக்கோடு தடித்து, எழுத்து மொத்தமாக அப்பிக்கொள்ளும். எடையை 400 என்று குறித்துவிட்டால் சரியாகிவிடும். கூகுளில் சாய்வெழுத்தும் கிடையாது, மென்பொருளில் சாய்த்துப் போடாதீர்கள்.

அப்புறம், தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. பலகையில் தமிழ்ப் பெயருக்கு நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துருவின் 900 எடையை வைத்தேன். கனம் ஓரளவு ஒத்துப்போகிறது. ஆனால் தடிப்பும் மெலிவும் இப்படி மாறி மாறி வருவதில்லை. தமிழில் இந்தப் பாணியை வரைவது கடினம்தான். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இவ்வளவு பருமனை நுழைத்தால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். எந்தக் கோட்டைத் தடிக்க விடுவது, எதை இளைக்க விடுவது என்று ஒவ்வொரு எழுத்துக்கும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அப்படி யோசித்து யாராவது தமிழில் ஒன்று வரைந்தால், விலை கேட்காமல் வாங்கிக்கொள்வேன்.