ஓய்வுக்கால விசாவுக்கான காகித வேலை: ஏஜென்டா, நாமேவா?

ஓய்வுக்குப் பிறகு வேறு நாட்டில் குடியேறலாம் என்று முடிவெடுத்தவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது: காகித வேலையை ஏஜென்டிடம் விடுவதா, நாமே பார்ப்பதா? நான் நாமே பார்க்கும் கட்சி. விசா கைக்கு வந்த பிறகும் கட்சி மாறவில்லை.

செலவையும் அலைச்சலையும் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஏஜென்டிடம் போனால் பணம் கூட, நாமே பார்த்தால் அலைச்சல் கூட. கேட்கும் காகிதங்களும் பெரும்பாலும் ஒன்றுதான்: பிறப்பு, திருமணச் சான்றுகள், போலீஸ் நற்சான்று, ஓய்வூதிய ஆதாரம், மருத்துவக் காப்பீடு.

தீர்மானிப்பது ஒவ்வொரு காகிதத்தின் வயது. அப்போஸ்டில் முத்திரை என்பது, நம் நாட்டுச் சான்றை வேறு நாடு ஏற்பதற்காக அரசு அதோடு இணைத்துத் தரும் தாள். அதைக் கொண்டுவந்த 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை அதற்குக் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. ஆனால் முத்திரை விழுந்த காகிதத்துக்குக் கெடு உண்டு. போலீஸ் நற்சான்று மூன்று மாதத்துக்குள், அல்லது ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று பல தூதரகங்கள் கேட்கின்றன. சில நாடுகள் பிறப்புச் சான்றிலும் புதுப் பிரதிதான் வேண்டும் என்கின்றன. அதனால் தூதரகத் தேதியை முதலில் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். நிதானமாக வாங்கக்கூடியவை முதலில், போலீஸ் நற்சான்று கடைசியில். மொழிபெயர்ப்பு முத்திரைக்குப் பிறகுதான், ஏனென்றால் பல இடங்களில் முத்திரைத் தாளையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். ஸ்பெயின் மாதிரி நாடுகளில் அரசு அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்ததாக இருக்க வேண்டும்.

ஏஜென்டுக்கு இந்த வரிசை தெரியாமல் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாக முத்திரைக்கு அனுப்புவதுதான் அவருக்கு வசதி. தெரிந்தவர் ஒருவருக்கு நேர்காணல் தள்ளிப்போனது. கட்டில் இருந்த போலீஸ் நற்சான்று மட்டும் காலாவதியாகி, அதற்கான முத்திரையும் மொழிபெயர்ப்பும் மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று, அப்போஸ்டில் சான்றளிப்பது காகிதத்தில் உள்ள அதிகாரியின் கையெழுத்துக்கும் அலுவலக முத்திரைக்கும்தான், உள்ளே எழுதியிருப்பதற்கு இல்லை. பிறப்புச் சான்றில் பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முத்திரை விழுந்துவிடும். மாட்டுவது தூதரகத்தில். தன் பெயரில் அந்த ஒரு எழுத்தை நம்மைவிட யார் கவனிப்பார்கள்? முத்திரைத் தாள் கைக்கு வந்ததும் ஒரு நிமிடம் உட்கார்ந்து படியுங்கள். சதுரமாக, பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாமல், மேலே பிரெஞ்சில் தலைப்போடு, பத்து எண்ணிட்ட வரிகள் இருக்கும். இரண்டாவது வரியில் இருக்கும் பெயர், உங்கள் சான்றில் கையெழுத்திட்ட அதிகாரியுடையதுதானா என்று பாருங்கள். அப்புறம், நகலெடுக்க வசதி என்று முத்திரைத் தாளைச் சான்றோடு சேர்த்திருக்கும் பின்னைப் பிரித்துவிடாதீர்கள். தாள் தனியாகக் கழன்றால் முத்திரையைச் செல்லாது என்று தள்ளிவிட வாய்ப்புண்டு.

விசாவோடும் இது முடிவதில்லை. குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருமான ஆதாரத்தைத் திரும்பக் காட்ட வேண்டிவரும். பல ஓய்வூதிய அலுவலகங்கள் ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்கும். அதை வெளிநாட்டிலிருந்து தூதரகம் வழியாகவோ நோட்டரி வழியாகவோ அனுப்ப வேண்டும். முதல் தடவை தானே செய்தவருக்கு எந்தக் கவுன்டரில் என்ன கேட்பார்கள் என்று தெரிந்திருக்கும். ஏஜென்டிடம் விட்டவர் ஒவ்வொரு தடவையும் அவரையே தேட வேண்டும், அவர் கடையை மூடாமல் இருந்தால்.

சரி, ஏஜென்ட் பக்கம் நியாயமே இல்லையா? உண்டு. நான் போனது உடன்படிக்கையில் இருக்கும் நாட்டுக்கு. அந்த நாடுகளின் பட்டியலில் சீனாவுக்கு 2023 நவம்பரிலும் கனடாவுக்கு 2024 ஜனவரியிலும்தான் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இல்லாத நாடென்றால் நோட்டரி, வெளியுறவு அமைச்சகம், கடைசியில் அந்த நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாக ஏற வேண்டும். அந்த வழியில் நான் நடந்ததில்லை. அலைய முடியாத உடல்நிலையும், தூதரகம் வேறு ஊரிலும் என்றால் ஏஜென்டையே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வரிசையில் நிற்கும் வேலையை மட்டும் கொடுங்கள். எந்தக் காகிதம் எந்த வாரம் போக வேண்டும் என்ற கணக்கு உங்களிடமே இருக்கட்டும். கொடுக்கும் ஒவ்வொரு அசலுக்கும் கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.