பின்கண்ணாடிக் கோடுகளில் கதவுப் பெயிண்ட்

ஆழியாறு தாண்டியதும் தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஆடிச் சாரலில் ஏறியவர்களுக்கு, பின்கண்ணாடியில் படியும் ஆவியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வால்பாறைக்கு மாதம் இருமுறை போகும் எனக்கு, பின்கண்ணாடியில் பதித்த மெல்லிய கோடுகளை மின்சாரத்தால் சூடாக்கி ஆவியை விலக்கும் டிஃபாகர் கட்டாயத் தேவை.

பழைய சன் ஃபிலிமை உரிக்கப் பொள்ளாச்சிக் கடை ஒன்றில் வண்டியை விட்டேன். நீராவி காட்டி, கோடுகள் போகும் திசையிலேயே மெதுவாக உரிக்க வேண்டிய ஃபிலிமை அங்கே பிளேடால் மேலும் கீழுமாகச் சுரண்டினார்கள். அடுத்த பயணத்தில் ஐந்து பட்டைகளில் ஆவி விலகவேயில்லை. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "வயசான கோடுங்க, தானா போயிருக்குமுங்க, கண்ணாடியவே மாத்தோணுங்க, 11,000 ஆகும்" என்றார் கடைக்காரர். நான் தயங்கியதும் 900 ரூபாய்க்கு 'டச்சப்' செய்து தருவதாக இறங்கி வந்தார். கோடுகளும் பளபளவென்று ஒட்டியதுபோலத்தான் தெரிந்தன.

ஆவி மட்டும் அப்படியே நின்றது. வீட்டில் டிஃபாகரைப் போட்டு, மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் இரும்பில் வைத்து, கோடு கீறாமலிருக்க அலுமினியத் தாள் சுற்றிய சிவப்பு முனையைக் கோட்டின் மேல் நகர்த்தினேன். நல்ல கோட்டில் ஒரு முனையில் 12 வோல்ட், நடுவில் ஏறக்குறைய 6 என்று படிப்படியாக இறங்கியது. கெட்ட கோட்டிலோ 12 அப்படியே நின்று, அவர்கள் பூசிய இடத்தைத் தாண்டியதும் பூஜ்யமானது. தின்னர் தொட்ட பஞ்சில் அந்தப் பூச்சு சாம்பல் நிறமாக வழிந்து வந்தது. கம்பிக் கதவுக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட்! அதில் மின்சாரம் எப்படிப் பாயும்?

கோடுகள் இணையாக இருப்பதால் ஒன்று அறுந்தால் அது மட்டுமே சாகும். அதற்குக் கண்ணாடியை மாற்றத் தேவையில்லை. எல்லாமே ஒன்றாக நின்றால் ஃப்யூஸ், ரிலே, ஓரத்து இணைப்பு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சை வாங்கி, கோட்டின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு முறை மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். நான்கு கோடுகள் உயிர்பெற்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது கடைக்காரர் ரசீதைக் கேட்டார். "ரசீது போட்டா ஜிஎஸ்டி சேருமுங்க" என்று அன்று அவர் சொன்னதற்குத் தலையாட்டியவன் நான்தான்.