தோலுக்கு லேசர் வெட்டு: புதுச்சேரிக் கூடம் ஒன்றின் சேவை

நெல்லித்தோப்பில் உள்ள சிறிய லேசர் வெட்டுக்கூடத்தில், பணப்பை தைப்பதற்காக ஆவாரம்பட்டையில் பதனிட்ட 2 மில்லிமீட்டர் தோலைக் கொடுத்து வெட்டி வாங்கினேன். 4 மில்லிமீட்டர் இடைவெளியில் கேட்டிருந்த தையல் துளைகள், இரு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது இம்மியும் பிசகாமல் பொருந்தியதால், ஊசி எங்கும் தடைபடாமல் ஓடியது. கையால் துளையிட்டு நான் இந்த நேர்த்தியை எட்டியதே இல்லை.

முதல் முறை மேற்பரப்பில் காகித ஒட்டுநாடா ஒட்டாமலே வெட்டிவிட்டதால் விளிம்பை ஒட்டிப் புகைக்கறை படிந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது. அடுத்த முறை நாடா ஒட்டச் சொன்னேன்; கறை இல்லை. கருகிய விளிம்பை ஈரத்துணியால் துடைக்கலாம். வாடை மட்டும் சில நாள் நீடிக்கிறது.

ரெக்சினை வெட்ட அவர்கள் மறுத்தது மிகச் சரி. அதிலுள்ள பிவிசி எரிந்தால் வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் இயந்திரத்தையும் அரிக்கும்.