மெய்ன் மலைக்காட்டில் மூஸ் வேட்டை: செப்டம்பரா, அக்டோபரா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மூஸ் மான் வேட்டைக்கான அனுமதி குலுக்கலில்தான் கிடைக்கும். 1930-களின் நடுவில் நிறுத்தப்பட்ட வேட்டை 1980-இல்தான் திரும்ப வந்தது. சிலருக்குப் பெயர் விழவே பல வருடம் ஆகும். எந்த வட்டாரம், எந்த வாரம் வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே வரிசைப்படுத்திக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது என்பதால் கையில் இருப்பது ஆறே நாள். அதனால் வாரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை.

செப்டம்பர் கடைசி வாரம் மூஸ் இணைசேரும் காலம். ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் நெருங்கி நிற்கிற காட்டில் முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. தேடிப் போவதைவிட வரவழைப்பதுதான் வழி. பிர்ச் மரப்பட்டையைச் சுருட்டிய குழலில் பெண் மூஸ் போல நீட்டி முனகினால், கடா ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் கிளம்பி வரும். ஆனால் நேராக வராது. பல நேரம் காற்று போகிற பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். அதனால் குரல் கொடுப்பவர் பின்னாலும், சுடுபவர் காற்று போகிற பக்கமாகத் தள்ளியும் நிற்க வேண்டும். மலைச்சரிவில் அதிகாலைக் குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் ஏறியதும் மேல்நோக்கித் திரும்பும். காலையில் சரியாக இருந்த இடம் பத்து மணிக்குத் தவறாகிவிடும்.

அக்டோபர் வாரத்தில் அந்த வேகம் அடங்கிவிடும். முதல் சுற்றில் சினைபிடிக்காத பெண் மூஸ்கள் மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வருவதால் ஒன்றிரண்டு கடாக்கள் குரலுக்குத் திரும்பலாம். அதை நம்பிப் போகக் கூடாது. இணைசேரும் நாட்களில் சரியாகத் தின்னாத கடாக்கள் இப்போது தீனி தேடும். மரம் வெட்டிச் சில வருடம் ஆகி இளம் மரக்கன்றுகள் மண்டிய இடங்களை விடியலிலும் மாலையிலும் கவனிக்க வேண்டும். இலை உதிர்ந்திருப்பதால் பார்வையும் கொஞ்சம் தூரம் போகும்.

இதுவரை பார்த்தால் செப்டம்பர்தான் ஜெயிக்கிறது. ஆனால் மூஸ் விழுந்த பிறகுதான் உண்மையான வேலை. பெரிய கடா, குடல் எடுத்த பிறகும் 300 கிலோவைத் தாண்டும். பின்தொடை ஒன்றே ஒரு ஆளுக்கு முழுச் சுமை. விழுந்த மரங்களும் சேறும் நிறைந்த சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடப்பதை நினைத்துப் பாருங்கள். செப்டம்பர் மதியத்தில் வெயில் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. தடித்த தோலும் பெருத்த உடம்பும் உள்சூட்டை விடாது. தோலை உரித்துத் துண்டாக்கிக் காற்றாட விடத் தாமதித்தால், தொடை எலும்பைச் சுற்றித்தான் முதலில் கெடும். ஒரு குடும்பத்தின் குளிர்காலக் கறி வீணாவதைவிட வெறுங்கையோடு திரும்புவது எவ்வளவோ மேல்.

வடக்கு மெய்னின் தனியார் காடுகளுக்குள் மரலாரிச் சாலைகள் நிறைய உண்டு. சாலையிலிருந்து அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை என்று கிளம்பும் முன்பே முடிவெடுத்துக்கொள்ளுங்கள். கயிறு, கப்பி, தார்ப்பாய், துணிப்பை, ஐஸ், அப்புறம் கூர்மையான இரண்டு கத்திகள், இவை இரண்டு வாரத்துக்கும் பொது. ஈரலும் சிறுநீரகமும் சாப்பிட வேண்டாம். கேட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கும் என்று மாநிலமே எச்சரிக்கிறது.

நான்கு பேர் துணைக்கு இருந்து, அன்றே கறியைக் குளிர் அறையில் சேர்க்க ஏற்பாடும் இருந்தால் செப்டம்பரை முதலில் எழுதுங்கள். அந்தக் குரலுக்குக் காடு பதில் சொல்வதைக் கேட்பதற்கு ஈடில்லை. முதல்முறை, ஆள் இரண்டே பேர் என்றால் நான் அக்டோபரைத்தான் எழுதச் சொல்வேன்.