லோ-புரொஃபைல் கேஸ் பிளாக்: செட் ஸ்க்ரூவா, கிளாம்பா, பின்னா?

ஏஆர்-15 துப்பாக்கியின் பேரல் (குழல்) மேல் முக்கோணமாக நிற்கும் பழைய ஃப்ரண்ட் சைட்டுக்கு இரண்டு வேலை. குறிபார்க்கும் முள்ளைத் தாங்க வேண்டும். பேரலின் சிறு துளை வழியாக வரும் வாயுவைக் கேஸ் டியூபுக்குள், அதாவது அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறிக்கு வாயுவைக் கொண்டுபோகும் குழாய்க்குள், திருப்பிவிடவும் வேண்டும். பேரலைத் தொடாமல் நீண்டு நிற்கும் ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டுகள் (பேரலைச் சுற்றிக் கையால் பிடிக்கும் உறைகள்) அமெரிக்காவில் பரவியதும் அந்த முக்கோணம் இடைஞ்சலாகிவிட்டது. இரண்டாவது வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு ஹேண்ட்கார்டுக்குள் மறைந்து நிற்பதுதான் லோ-புரொஃபைல் கேஸ் பிளாக். வாங்குபவர்கள் பெரும்பாலும் பிராண்டைத்தான் பார்க்கிறார்கள். பேரலை அது எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பார்ப்பதே முக்கியம்.

முதலில் விட்டம். கேஸ் பிளாக் உட்காரும் இடத்தில் பேரல் 0.750 அங்குலம் இருப்பதே வழக்கம். மெல்லிய 'பென்சில்' பேரலில் 0.625, கனத்த பேரலில் 0.875 அல்லது 0.936. கேலிப்பரால் அளக்காமல் ஆர்டர் செய்யாதீர்கள். ஹேண்ட்கார்டின் உள்விட்டத்தையும் அப்போதே அளந்துவிடுங்கள். பொருள் எஃகாகவே இருக்கட்டும். சூடேறினால் அலுமினியம் எஃகைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். பிடி தளர அது போதும்.

செட் ஸ்க்ரூ வகையே விலை குறைவு, கிடைப்பதும் எளிது. அடியில் இரண்டு திருகுகள் பேரலை அழுத்திப் பிடிக்கும். வழவழப்பான உருளையின் மேல் திருகு முனை மட்டும் அழுத்தி நிற்பதால், சூடும் அதிர்வும் சேர்ந்தால் பிளாக் மெல்லச் சுழலும் அல்லது முன்னே நகரும். பேரலின் அடியில் திருகு முனைக்கு ஒரு சிறு குழி போட்டுவிட்டால் இந்தக் குறை தீர்ந்துவிடும். இதற்கென விற்கும் ஜிக், மேலே கேஸ் துளையில் ஒரு முனையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு நேர் எதிரே துளையிட வழிகாட்டும். ஆழம் 0.030 அங்குலத்துக்குள் போதும். 5.56 மி.மீ. தோட்டாவுக்கான பேரலில் 0.750 விட்டத்துக்குச் சுவர்த் தடிமன் சுமார் 0.26 அங்குலம் என்பதால் பயமில்லை. பென்சில் பேரலில் அது 0.20க்கு இறங்கிவிடும், அங்கே டிரில்லில் ஸ்டாப் காலர் (ஆழத்தைக் கட்டுப்படுத்தும் வளையம்) இல்லாமல் கைவைக்கக் கூடாது.

கிளாம்ப் வகையில் அடிப்பக்கம் பிளந்திருக்கும். குறுக்குத் திருகுகள் இறுக்கும்போது பேரலைச் சுற்றிலும் ஒரே சீராகக் கவ்வும். பேரலில் குழியோ கீறலோ வேண்டாம் என்பவர்களுக்கும், கழற்றி மாட்டிச் சோதிப்பவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் திருகுக் காதுகள் அடியில் துருத்தும். ஒல்லியான ஹேண்ட்கார்டுகளில் உரசும். பேரலின் விட்டம் கொஞ்சம் குறைவாக இருந்தால் பிளவு முழுதாக மூடிக்கொண்டு பிடிப்பே இல்லாமல் போகும்.

பின், அதாவது குறுக்கே செருகும் உலோக ஆணி, அடித்த பிளாக் அசையாது. கடுமையாகப் பயன்படும் துப்பாக்கிக்கு இதற்கு மாற்று இல்லை. விலை, பேரலில் குறுக்கே துளையிடுவதுதான். கோணம் பிசகினால் பேரலே வீண். நல்ல ஜிக்கும் டிரில் பிரஸ்ஸும் இல்லாதவர்கள் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுப்பதே மேல். ஏற்கெனவே பழைய ஃப்ரண்ட் சைட் பின்னோடு இருக்கும் பேரல் என்றால் வேறொரு வழியும் உண்டு: அந்த முக்கோணத்தை அறுத்துத் தாழ்த்தி, அதே பின் துளைகளில் திரும்ப மாட்டுவது. பார்க்க அழகில்லை, ஆனால் உறுதியில் கடையில் வாங்கும் பல பிளாக்குகளை மிஞ்சும்.

வீட்டில் பொருத்துபவருக்கு என் தேர்வு, குழி போட்ட செட் ஸ்க்ரூ.

வேலையைத் தொடங்குமுன் மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பிளாக் முன்முனை வழியாகத்தான் ஏறும். பேரல் முனையில் சுடர் மறைக்கும் ஃப்ளாஷ் ஹைடர் மாட்டியிருந்தால் அது கழன்றாக வேண்டும். கேஸ் டியூபை முதலில் பிளாக்கோடு சேர்த்து, துளை கீழ்நோக்கி இருப்பதைப் பார்த்து, 5/64 அங்குல ரோல் பின் பஞ்ச் (பின்னை அடித்து இறக்கும் கருவி) கொண்டு பின்னை அடியுங்கள். சாதாரணப் பஞ்ச் பின்னின் வாயை நசுக்கிவிடும்.

பலரும் சறுக்குவது துளைகளை நேர்ப்படுத்துவதில். பழைய அமைப்பில் பேரலின் தோளுக்கும் (தடிமன் மாறும் படி) ஃப்ரண்ட் சைட்டுக்கும் நடுவே ஹேண்ட்கார்டு கேப் என்ற தகடு இருந்தது; தடிமன் சுமார் 0.025 அங்குலம். பல பேரல்களில் கேஸ் துளை அந்தத் தகட்டையும் கணக்கில் வைத்தே இடப்பட்டிருக்கும். தகடு இல்லாத பிளாக்கைத் தோளோடு ஒட்டித் தள்ளினால் துளைகள் பாதி மூடிக்கொள்ளும். சில பிளாக்குகளில் இதற்கு ஈடு கொடுத்திருப்பார்கள், சிலவற்றில் இல்லை. ஆகவே தோளிலிருந்து துளை மையம்வரை பேரலிலும், பின்விளிம்பிலிருந்து துளை மையம்வரை பிளாக்கிலும் அளந்து, வித்தியாசத்துக்கு ஏற்ற ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) இடையில் வைத்து இறுக்குங்கள். சுழற்சிக்கு, துளை மையத்திலிருந்து முன்னோக்கிப் பேரலில் ஒரு கோடு, பிளாக்கின் முன்முகத்தில் ஒரு கோடு. இரண்டும் ஒன்றுசேர வேண்டும்.

திருகுகளையும் மரையையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடையுங்கள். திருகு தளராமல் பிடிக்கும் நீலப் பசை லாக்டைட் 242 சுமார் 150 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். வேகமாகச் சுட்டால் பிளாக் அதைத் தாண்டிவிடும். சூடு தாங்கும் பசையான ராக்செட் ஆயிரம் டிகிரிவரை தாங்கும், கழற்ற வேண்டுமானால் தண்ணீரில் ஊறவைக்கலாம். முறுக்கு, தயாரிப்பாளர் சொன்ன அளவே. பல செட் ஸ்க்ரூ பிளாக்குகளுக்கு அது 25 அங்குல-பவுண்டு அளவில் இருக்கும். குழியில் அமரும் திருகை முதலில் இறுக்குங்கள். பிறகு தோட்டாவைப் பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் கேரியரை மட்டும் ரிசீவரில் (துப்பாக்கியின் மேல் உடல்) விட்டுச் சாய்த்துப் பாருங்கள்; தன் எடையிலேயே வழுக்கி வர வேண்டும். கேரியரின் மேல் உள்ள கேஸ் கீ, கேஸ் டியூபில் உரசித் தடுத்தால், பிளாக் சற்றுச் சுழன்றிருக்கிறது அல்லது டியூப் வளைந்திருக்கிறது.

வாயு அளவைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் பிளாக், சப்ரஸர் (ஒலி குறைப்பான்) மாட்டுபவர்களுக்கும் எடை குறைந்த கேரியர் வைத்திருப்பவர்களுக்கும்தான். மற்றவர்களுக்குக் கரி பிடித்து இறுகிப்போக இன்னொரு திருகு, அவ்வளவே.

சோதனைக்கு மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டபின் போல்ட் பின்னால் பூட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை, காலிக் கூடும் நான்கு, ஐந்து மணித் திசையில் (பேரல் முனை பன்னிரண்டு மணி என்று கொண்டால்) சோம்பலாக விழுகிறது என்றால், கேரியரை முன்தள்ளும் பஃபர் ஸ்பிரிங்கை மாற்றுமுன் துளை நேர்ப்பாட்டைப் பாருங்கள். ஒன்று, இரண்டு மணித் திசையில் வேகமாகப் பறந்தால் வாயு அதிகம். பிளாக்கின் விளிம்பில் கொஞ்சம் கரி படிவது குறையல்ல. சிறு கசிவைக் கரியே அடைத்துவிடும். திருகுத் தலையிலிருந்து பிளாக்வரை பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்து, பேரல் ஆறியதும் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் அப்படியே இறுக்கி விட்டுவிடாமல், கழற்றித் துடைத்து, புதிதாக ராக்செட் போட்டு மாட்டுங்கள்.